மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல்: நீதிமன்றம் கெடு வைக்கலாமா, கூடாதா?

வைகைக்கரை:
2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு அரசு போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு ஆளுநருக்குக் கெடு வைத்தது. அமைச்சரவை ஆலோசனைப்படி மசோதாவை நிறுத்தி வைக்கவோ குடியரசுத் தலைவருக்கு அனுப்பவோ 1 மாதம், ஆலோசனைக்கு மாறாகச் செய்தால் 3 மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதற்கு 1 மாதம். நிலுவையில் இருந்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் தந்ததாகவே கருத வேண்டும் என்றும் சொன்னது, அவை சட்டமாக அரசிதழில் வந்தன. பிறகு குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழி செய்யும் 143-ஆம் பிரிவின் கீழ் 14 கேள்விகள் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்தக் கெடு செல்லாது, 'ஒப்புதல் தந்ததாகக் கருதுவது' அரசமைப்பில் இல்லாத ஒன்று என்று கருத்துச் சொன்னது.

ஐவர் அமர்வு சொன்னதுதான் சரி. மசோதா வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் 200-ஆம் பிரிவில் 'இயன்ற விரைவில்' என்றுதான் இருக்கிறது, நாள் கணக்கு இல்லை. இல்லாத நாளை எழுதிச் சேர்ப்பது சட்டம் இயற்றும் வேலை, தீர்ப்பு எழுதும் வேலை இல்லை.

நெல்லைச்சீமை:
'இயன்ற விரைவில்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் என்ன கதி வந்தது என்று முதலில் பாருங்கள் சார். 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகைக்குப் போயின. அரசு உச்ச நீதிமன்றம் போனது 2023 அக்டோபரில். நவம்பர் 13 அன்று பத்தை ஆளுநர் நிறுத்தி வைத்தார், இரண்டு குடியரசுத் தலைவருக்குப் போயின. நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டுப் பேரவை பத்தையும் திரும்ப நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அந்தப் பத்தும் குடியரசுத் தலைவருக்கு!

வழக்கு வரும்வரை அசையாத கோப்பு, வழக்கு வந்ததும் ஒரே மாதத்தில் நகர்கிறது. விரைவு இயலாததாக இருந்ததா, வேண்டாததாக இருந்ததா? நீதிமன்றம் கெடு வைக்காவிட்டால் யார் வைப்பது?

வைகைக்கரை:
நாடாளுமன்றம் வைக்க வேண்டும், அரசமைப்பைத் திருத்தும் 368-ஆம் பிரிவு வழியாக. மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் 6 மாதம் என்று பரிந்துரைத்தது. அதைத் திருத்தமாகக் கொண்டுவரலாம்.

நாள் வேண்டும் என்று நினைத்த இடத்தில் அரசமைப்பு நாளை எழுதியிருக்கிறது. 201-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் சொன்ன மசோதாவை அவை 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். நாடாளுமன்ற மசோதாக்களுக்கான வரைவு 91-ஆம் பிரிவில் முதலில் 6 வாரம் என்றே இருந்தது. அரசியல் நிர்ணய சபை அதை எடுத்துவிட்டு 'இயன்ற விரைவில்' என்று மாற்றியது. தெரிந்தே எடுத்த நாளை நீதிபதி திரும்ப வைக்க முடியாது. அமெரிக்காவில் அதிபருக்கு ஞாயிறு நீங்கலாக 10 நாள், அதற்குள் திருப்பி அனுப்பாவிட்டால், நாடாளுமன்றக் கூட்டம் முடிந்துவிடாத வரை, கையெழுத்து இல்லாமலே சட்டம் ஆகிவிடும். ஆனால் அது அவர்கள் அரசமைப்பிலேயே எழுதப்பட்ட ஏற்பாடு. நீதிமன்றம் கண்டுபிடித்துக் கொடுத்தது இல்லை.

நெல்லைச்சீமை:
வரைவு வரலாற்றை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும். 200-ஆம் பிரிவின் வரைவில், வரைவு எண் 175, ஆளுநர் 'தன் விருப்புரிமைப்படி', அதாவது அமைச்சரவையைக் கேட்காமலே, மசோதாவைத் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தது. ஆங்கிலேயர் காலத்து 1935 இந்திய அரசுச் சட்டத்தின் வாடை அது. அந்தச் சொல்லையும் அதே சபைதான் நீக்கியது. 6 வாரத்தை நீக்கியதற்கு மதிப்புக் கொடுக்கும் நீங்கள், விருப்புரிமையை நீக்கியதற்கு ஏன் கொடுப்பதில்லை? நவம்பர் கருத்துரையோ, எந்த வழியைத் தேர்வது என்பதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு என்கிறது. எனக்கு வலிப்பது அந்த இடம்தான்.

இன்னொன்று. கட்சி தாவல் வழக்குகளில் சபாநாயகருக்கு 3 மாதக் கெடு வைத்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான். 2020-இல் மணிப்பூர் வழக்கு, 2025 ஜூலை 31-இல் தெலங்கானா வழக்கு. கட்சி தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையிலும் நாள் கணக்கு கிடையாது.

வைகைக்கரை:
அந்த அட்டவணையின் கீழ் சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம். தீர்ப்பாயத்துக்கு நாள் குறிப்பது மேல் நீதிமன்றத்தின் வழக்கமான வேலை. ஆளுநர் அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை, சட்டமன்ற நடைமுறையின் ஓர் உறுப்பாக இருக்கிறார். 168-ஆம் பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றம் என்பதே ஆளுநரும் அவையும் சேர்ந்ததுதான்.

கோப்பும்_குறிப்பும்:
இருவரும் கெடுவையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மசோதா உண்மையில் சாகும் இடம் வேறு.

ஆளுநருக்கு இருக்கும் வழிகள் மூன்று: ஒப்புதல், குறிப்புடன் அவைக்குத் திருப்பி அனுப்புதல், குடியரசுத் தலைவர் முடிவுக்கு ஒதுக்கி வைத்தல். திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைக்க முடியாது என்பது 2023 நவம்பர் 10-இல் பஞ்சாப் வழக்கிலேயே வந்துவிட்டது, ஐவர் அமர்வும் அதையே சொல்கிறது. திருப்பி அனுப்பினால் பேரவைக்கு மறு வாய்ப்பு உண்டு. மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது.

ஒதுக்கி வைத்துவிட்டால் அந்த மறு வாய்ப்பு போய்விடும். 201-ஐ வரி வரியாகப் படித்துப் பாருங்கள். குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி, அவை மறுபடி நிறைவேற்றினாலும், மசோதா திரும்ப அவரிடமே பரிசீலனைக்குப் போகும். 'நிறுத்தி வைக்கக் கூடாது' என்ற வாசகம் அங்கே இல்லவே இல்லை. அந்தப் பத்து மசோதாக்களில், ஏப்ரல் தீர்ப்புக்கு முன், குடியரசுத் தலைவரிடமிருந்து ஒன்றுக்கு ஒப்புதல், ஏழுக்கு மறுப்பு, இரண்டில் முடிவில்லை. 2021-இல் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றியது, டெல்லிக்குப் போனது, 2025 ஏப்ரலில் மறுக்கப்பட்ட செய்தி வந்தது.

வைகைக்கரை:
நீட் மசோதா டெல்லிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றால்தான் அந்த மாநிலத்தில் நிற்கும். 2017 ஜல்லிக்கட்டுத் திருத்தமும் அப்படி வந்ததுதான்.

கோப்பும்_குறிப்பும்:
அதை ஏற்கிறேன். மோதல் இருக்கும் மசோதா போக வேண்டிய வழி அது. மோதல் இல்லாததையும் அதே வழியில் தள்ளிவிட முடிகிறதே, அதுதான் என் கவலை. கெடு எத்தனை நாள் என்றாலும் இந்த ஓட்டை அடைபடாது. முதல் நாளே ஒதுக்கி அனுப்பிவிட்டால் கெடுவும் காப்பாற்றப்பட்டது, மசோதாவும் போயிற்று.

பொருநை:
நீதிமன்றம் இப்போது திறந்து வைத்திருக்கும் கதவு எது? அதையும் யாராவது சொல்லுங்கள்.

கோப்பும்_குறிப்பும்:
நீண்ட, விளக்கமில்லாத, காலவரையற்ற செயலின்மை இருந்தால், 'நியாயமான காலத்துக்குள் முடிவெடு' என்று மட்டும் நீதிமன்றம் ஆணையிடலாம். எந்த முடிவு என்று சொல்லாது. இதில் 'விளக்கமில்லாத' என்ற சொல்தான் வழுக்கும். ஆளுநர் மாளிகை ஒரு விளக்கக் கடிதம் கேட்டு எழுதினாலே, தாமதத்துக்கு விளக்கம் வந்துவிட்டது என்று வாதிடலாம்.

அதனால் சட்டத்துறை செய்ய வேண்டியது: மசோதா போய்ச் சேர்ந்த நாளுக்கு ஒப்புகைச் சீட்டு. எந்த மத்தியச் சட்டத்தோடும் மோதவில்லை என்பதற்குப் பிரிவுவாரியான ஒப்பீட்டுக் குறிப்பு, மசோதாவோடு சேர்த்தே. கேள்வி வந்தால் வாரத்துக்குள் பதில். பதில் போன நாளிலிருந்து மாதம் ஒரு நினைவூட்டல், ஒவ்வொன்றிலும் முந்தைய தேதிகள் முழுதாக. முக்கியமாக, மோதக்கூடிய பிரிவையும் மோதாத பிரிவையும் ஒரே மசோதாவில் கட்டக் கூடாது. பல்கலைக்கழக மசோதாக்களில் துணைவேந்தர் நியமனப் பிரிவு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளோடு உரசும், பெயர் மாற்றம் உரசாது. இரண்டையும் தனித்தனியாக அனுப்பினால், ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த முடியாது.

நெல்லைச்சீமை:
யுஜிசி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் தீர்ப்பால் அரசிதழில் வந்த சட்டங்களில் துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மே 21 அன்றே இடைக்காலத் தடை போட்டது. தீர்ப்பு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சட்டம் தவறாக இருந்தால் தடுக்க நீதிமன்றம் இருக்கிறது, அதுவும் காரணம் எழுதித் தடுக்கிறது. பிறகு ஆளுநர் மாளிகையில் எதற்கு வருடக்கணக்கில் காவல்?

வைகைக்கரை:
அந்தக் கேள்வி நியாயமானது. வருடக்கணக்கில் வைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்கான பூட்டு 200, 201 இரண்டிலும் திருத்தமாக வர வேண்டும்: நாளும் வேண்டும், எந்தெந்தக் காரணத்துக்கு ஒதுக்கலாம் என்ற பட்டியலும் வேண்டும். கோப்பு நண்பர் காட்டிய ஓட்டை வெறும் கெடுவால் அடைபடாது என்பதை ஏற்கிறேன்.

பொருநை:
அந்தப் பத்துச் சட்டங்கள் இப்போது உயிரோடு இருக்கின்றனவா?

கோப்பும்_குறிப்பும்:
143-இன் கீழ் சொல்வது கருத்துரை. இரு தரப்புக்கு இடையே முடிந்த தீர்ப்பை அது நேரடியாக ரத்து செய்யாது. 1991-இல் காவிரி நடுவர் மன்றம் பற்றிய கருத்துரையிலேயே, இந்த வழியில் தன் தீர்ப்பின்மேல் தானே மேல்முறையீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்தும் அரசிதழில் இருக்கின்றன. இனி வரும் மசோதாக்களுக்கு ஏப்ரல் கெடுவைக் காட்டி வாதாட முடியாது.