டீசல் ஃபோர்க்லிஃப்ட்டை மாற்றினால் மாசு உண்மையில் குறையுமா?

கேள்வி: மூடிய கிடங்கு, 3 டன் பளு தூக்கும் டீசல் வண்டி (ஃபோர்க்லிஃப்ட்), ஒரே ஷிஃப்ட். எல்பிஜியா, பேட்டரியா? கரண்ட்டும் நிலக்கரியில்தானே வருகிறது?

பதில் 1: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மணிக்கு 3 லிட்டர் குடித்தால் 8 கிலோ. இந்திய கிரிட்டில் (மின் கட்டமைப்பில்) யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு சார்ஜர் 7 யூனிட் இழுத்தாலும் 5 கிலோதான். புகையும் ஆட்கள் மூச்சு விடும் இடத்தில் வராது.

பதில் 2: எல்பிஜியில் கரி குறைவு என்று நம்பி மூடிய இடத்தில் ஓட்டாதீர்கள். காற்றையும் கேஸையும் கலக்கும் மிக்சரில் கேஸ் கூடினால் கார்பன் மோனாக்சைடு ஏறும்; வாசனையே இருக்காது. சர்வீஸ்தோறும் வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) அதை அளந்தே ஆக வேண்டும்.

பதில் 3: ஒரே ஷிஃப்ட்டுக்கு லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி போதும். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் ஆசிட் பொங்கித் தரையில் வழியும், அதில் ஈயமும் கலந்திருக்கும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியேற மேலே காற்றோட்டம் அவசியம். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடவே கூடாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உற்பத்தியாளர், சேகரிப்பாளர் அல்லது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

பதில் 4: பிற்பாடு எடை குறைந்த லித்தியம் பேட்டரிக்கு மாறினால் வண்டியின் விவரத் தகட்டில் உள்ள குறைந்தபட்ச பேட்டரி எடையைப் பாருங்கள். பளுவுக்கு எதிர் எடையாக இருப்பதும் பேட்டரிதான்; அதைவிடக் குறைந்தால் பளு தூக்கும்போது வண்டி முன்பக்கம் சாயலாம்.