பாட்டியின் 80க்குத் தோபா ஏரி

குழு: பெரிய லயம் குடும்பம், சுங்கை சிப்புட்

சிவா: எல்லாருக்கும் வணக்கம். பாட்டியின் 80ஆவது பிறந்தநாளுக்கு இந்தோனேசியாவின் தோபா ஏரி. பினாங்கிலிருந்து மேடான், அங்கிருந்து வேன். பாராபாட்டில் ஏரியை ஒட்டிப் புதிதாகக் கட்டிய ஓட்டல், 5 அறை. முன்பணம் 800 வெள்ளி, இன்று இரவு 10 மணிக்குள் கட்ட வேண்டும். சரியா?

தீபா: நீச்சல் குளம் இருக்கா அண்ணா

சிவா: இருக்கு. ஏரியைப் பார்த்தபடி.

தீபா: அப்ப சரி!!

ராஜன் சித்தப்பா: யார் முடிவெடுத்தது?

பெரியம்மா: உட்காருகிற டாய்லெட் இருக்காப்பா. முட்டி மடங்காது.

கமலா அத்தை: சிவா, பணம் கட்டாதே. அந்த ஓட்டலின் கழிவுநீர் எங்கே போகிறது என்று முதலில் கேள்.

ராஜன் சித்தப்பா: அக்கா...

கமலா அத்தை: கேட்கத்தான் வேண்டும் தம்பி. தோபா எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கிய ஏரி. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் ஆழம். ஆனால் தண்ணீர் வெளியே போக அசஹான் ஆறு ஒன்றுதான் வழி. ஏரித் தண்ணீர் முழுவதும் மாற ஏறக்குறைய 80 ஆண்டு ஆகும். அம்மாவின் வயது. நாம் கழுவிவிட்டு வரும் சோப்புத் தண்ணீர் தீபாவின் பேரன் காலத்திலும் அங்கே கிடக்கும்.

பெரியம்மா: பாட்டி பாஸ்போர்ட் யாரிடம்?

கமலா அத்தை: 2016ல் ஏரிக்கரையில் ஹரங்காவோல் பக்கம் கூண்டில் வளர்த்த மீன் ஏறக்குறைய 1,500 டன் செத்தது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோனதுதான் காரணம். மிஞ்சிய தீவனமும் மீன் எச்சமும் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஓட்டல் கழிவறை நீரைச் சுத்திகரிக்காமல் விட்டாலும் அதே கதைதான்.

பாஸ்கர் மாமா: அந்த ஏரியை யுனெஸ்கோ மூடிவிட்டதாம். கோயில் குழுவில் வந்தது.

கமலா அத்தை: மூடவில்லைங்க. 2020ல் யுனெஸ்கோவின் உலக ஜியோபார்க் (நிலவியல் பூங்கா) ஆனது. 2023ல் நிர்வாகக் குறைகளுக்காக மஞ்சள் அட்டை கொடுத்து எச்சரித்தார்கள். 2025ல் குறைகள் சரியானதால் பச்சை அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. பாதிச் செய்தியை அனுப்பாதீர்கள்.

பாஸ்கர் மாமா: சரிம்மா

ராஜன் சித்தப்பா: ஓட்டல் வந்தால்தானே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை? நம் தோட்டத்தை மூடியதும் நம் பிள்ளைகள் ஈப்போ, சிங்கப்பூர் என்று போனார்களே, மறந்துவிட்டீர்களா?

கமலா அத்தை: மறக்கவில்லை. அந்த வேலையும் தண்ணீரை நம்பித்தானே இருக்கிறது. நம் ஊர்ச் செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டை மழையில் உடைந்ததே, நினைவிருக்கா? ஆறு கறுப்பாக ஓடியது. மறுநாள் கெளுத்தியெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. அப்பா தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் அப்படியே நின்றார். அப்புறம் நாம் அந்த ஆற்றில் குளிக்கவே இல்லை.

ராஜன் சித்தப்பா: நினைவிருக்கு.

தீபா: எனக்கு இது யாரும் சொன்னதே இல்லை

சிவா: ஓட்டலில் கேட்டேன் அத்தை. 'நாங்கள் பசுமை ஓட்டல், கேட்டால்தான் துண்டு மாற்றுவோம்' என்கிறார்கள்.

கமலா அத்தை: துண்டை யார் கேட்டது? சுத்திகரிப்பு வசதி இருக்கிறதா, சுத்திகரித்த நீரை எங்கே விடுகிறார்கள், மிஞ்சும் கழிவுச் சேற்றை யார் அள்ளுகிறார்கள்? இந்த மூன்றையும் கேள். ஏரி நடுவில் இருக்கும் சமோசிர் தீவில் துக்துக் பக்கம், அந்த ஊர்ப் பாதாக் இனக் குடும்பங்களே நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கு. அவர்களிடமும் இதையே கேள். சின்னது என்பதால் சுத்தம் என்று நினைக்காதே.

பெரியம்மா: தீவா? படகா? 2018ல் அங்கே படகு மூழ்கிச் செத்தார்களே. நான் வரல.

சிவா: பாங்குருரான் பக்கம் பாலம் இருக்கு பெரியம்மா. சுற்றுதான், வேனிலேயே போகலாம்.

ராஜன் சித்தப்பா: கேமரன் மலை போனபோது நான் போட்ட 300 வெள்ளியை இதில் கழித்துக்கொள்.

சிவா: சித்தப்பா, அது தனியாகப் பேசுவோம்.

தீபா: பாட்டி பாஸ்போர்ட் அலமாரியில் கிடைத்தது. மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

பெரியம்மா: ஐயோ

சிவா: குடிநுழைவு அலுவலகத்துக்கு யார் கூட்டிப்போவது? திங்கள் எனக்கு வேலை.

ராஜன் சித்தப்பா: நான் கிள்ளானில் இருக்கேன்.

பாஸ்கர் மாமா: வண்டி ஒர்க்‌ஷாப்பில்.

சிவா: மணி 9.52. முன்பணம் கட்டவா வேண்டாமா?

தீபா: குளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா. அத்தை சொல்வதைக் கேட்டுப் பார்.

பெரியம்மா: பாட்டி தூங்கப் போயாச்சு. அங்கே தோசை கிடைக்குமா என்று கேட்டார்.

கமலா அத்தை: சிவா, அந்த மூன்று கேள்விக்குப் பதில் வந்ததா?