டாவாவ் நகரம்: பஹாடாவா, மட்டினாவா? எங்கே தங்கலாம்?

கேள்வி: தங்கை மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸில் உள்ள டாவாவ் போகிறாள். கல்லூரி பஹாடாவில். மட்டினாவில் வாடகை குறைவு என்கிறார்கள். தூரமா?

பதில் 1: நான் அங்கே படித்தவன். பஹாடாவிலேயே பாருங்கள். மட்டினா ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஜே.பி. லாரல் அவென்யூவில் கிளம்பி, நகர மையம் தாண்டி, பங்கரோஹான் சந்தையருகே பாலம் ஏறித்தான் மெக்ஆர்தர் நெடுஞ்சாலையில் மட்டினா வரும். முதல் வருடம் அங்கேதான் இருந்தேன். மழை மாலைகளில் பாலத்திலேயே ஜீப்னி (அங்கத்திய ஷேர் வண்டி) நின்றுவிடும். உடற்கூறியல் தேர்வுக்கு முதல் நாள்கூட அப்படி மாட்டினேன். அப்புறம் ஒன்று, பலகையில் சி.எம். ரெக்டோ என்றிருக்கும் தெருவை எல்லோரும் கிளவேரியா என்பார்கள். ஜீப்னியிலிருந்து இறங்க ‘பாரா’ (நிறுத்துங்கள்) என்றால் போதும்.

பதில் 2: சுற்றிப்போக சி.பி. கார்சியா நெடுஞ்சாலை உண்டே?

பதில் 1: உண்டு, டைவர்ஷன் ரோடு என்பார்கள். புஹாங்கின் வழியாக நகரத்தின் பின்புறம் போகும். லாரிகள் அதிகம். காலை வகுப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: டோரில், கலினான் பகுதிகளில் தங்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். ரொம்பத் தூரம்; நகரப் பரப்பே சுமார் 2,444 சதுர கி.மீ. கலினான் பழத்தோட்டப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை துரியன் சாப்பிடப் போகட்டும்.