மூர் வழக்கு: பனித்தளத்துக்குள் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

நெடுநாள் ரசிகன்: பனி ஹாக்கியில் ஒருவருக்குப் பலத்த அடி பட்டுவிட்டால் உடனே போலீஸைக் கூப்பிடுகிறார்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எதிரணி வீரரின் ஸ்கேட் கழுத்தில் வெட்டி ஆடம் ஜான்சன் இறந்தார். அந்த வீரரைக் கைது செய்து ஒன்றரை ஆண்டு அலையவிட்டு, 2025 ஏப்ரலில் வழக்குத் தொடரப் போவதில்லை என்று முடித்தார்கள். இதற்காகவா சட்டம்? லீக் பார்த்துக்கொள்ளட்டும்.

வடக்கு வாசல்: விபத்தைக் காட்டி வன்முறைக்கு வக்காலத்து வாங்காதீர்கள். 2004 மார்ச் 8, கனடாவின் வான்கூவர். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஆட்டம்; உள்ளூர் அணி கானக்ஸுக்கு எதிராகக் கொலராடோ அணி 8-2 என்று முன்னிலையில் இருக்கிறது; ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது. கானக்ஸின் டாட் பெர்டுஸி, கொலராடோவின் ஸ்டீவ் மூரின் பின்னாலேயே போய்ச் சண்டைக்கு இழுக்கிறார். மூர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து, பின்பக்கமிருந்து தலையில் குத்து. முகம் பனியில் மோத விழுந்தவர்மேல் பெர்டுஸியும் விழுந்தார், பிறகு மற்றவர்களும். கழுத்தெலும்புகள் முறிந்தன, மூளையிலும் அதிர்ச்சி. ஆட்டத்தில் அடிக்கப்படும் ரப்பர் வட்டு (பக்) அப்போது எங்கே இருந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

நெடுநாள் ரசிகன்: மூன்று வாரம் முன்பு மூர் செய்ததையும் சொல்லுங்கள் ஐயா. கானக்ஸ் கேப்டன் மார்கஸ் நாஸ்லுண்டை இடித்துத் தள்ளினார், நடுவர் கண்டுகொள்ளவில்லை. நடுவர் விட்டதை ஆட்டக்காரர்களே கேட்டுக்கொள்வது இந்த ஆட்டத்தின் எழுதாத வழக்கம். அது தெரிந்துதான் எல்லோரும் ஸ்கேட்டை மாட்டுகிறார்கள்.

வடக்கு வாசல்: அந்த வழக்கப்படியே பார்ப்போம். அன்று முதல் பகுதியிலேயே மூர், கானக்ஸின் மேட் குக்குடன் நேருக்கு நேர் மோதிவிட்டார். கணக்கு அங்கேயே தீர்ந்தது. பிறகு வந்தது வட்டியா?

நெடுநாள் ரசிகன்: குத்து தவறு, நான் இல்லை என்று சொல்லவில்லை. யார் கடுமையாகத் தண்டித்தது என்பதுதான் என் கேள்வி. லீக் தடை போட்டதில் பெர்டுஸிக்கு ஏறக்குறைய 5 லட்சம் டாலர் சம்பளம் போயிற்று. அணிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குக் கிடைத்தது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 80 மணி நேரச் சமூக சேவையும். இதற்கு முன் 2000-இல், அதே வான்கூவரில் டொனால்ட் பிரஷியர் தலையில் மட்டையால் அடித்த மார்ட்டி மெக்ஸார்லியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். நான்கே ஆண்டில் பெர்டுஸி. யார் பயந்தார்கள்?

சட்டப் பலகை: நன்னடத்தையில் விட்டது தண்டனையின் அளவு பற்றிய குறை, விசாரிக்கும் அதிகாரத்தைப் பற்றியது அல்ல. களத்தில் இறங்குபவன் இடிபடுவதற்கும் தள்ளப்படுவதற்கும் சம்மதிக்கிறான். ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் முதுகுப்பக்கமிருந்து தாக்கப்படுவதற்கு யாரும் சம்மதிப்பதில்லை. ஷெஃபீல்டுக்கும் வான்கூவருக்கும் இடையே கோடு அங்கேதான் இருக்கிறது. தவிர, நீங்கள் இருவரும் ஆட்டக்காரனையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், முதலாளியை விட்டுவிட்டீர்கள். மூர் இழப்பீடு கேட்டு, கானக்ஸ் உரிமையாளர் நிறுவனத்தின்மேலும்தான் வழக்குப் போட்டார். பெர்டுஸியோ தன் பயிற்சியாளர் மார்க் க்ராஃபர்டையே வழக்கில் இழுத்தார், பிறகு கைவிட்டார். விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 2014 ஆகஸ்டில், சமரசம். தொகை ரகசியம். பத்தாண்டு இழுத்தடித்து, வெளியே யாருக்கும் எதுவும் தெரியாமல் முடித்துவிட்டார்கள்.

நெடுநாள் ரசிகன்: முதலாளி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். ஆனால் பாதுகாப்புக் கவசம், விதி இதெல்லாம் லீக் செய்யவேண்டியது, நீதிபதி செய்யமுடியாது.

சட்டப் பலகை: செய்கிற வேகத்தைப் பாருங்கள். பில் மாஸ்டர்டன் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தது 1968 ஜனவரியில். என்.எச்.எல். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது 1979-இல், அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டும். 1997 வரை வெறுந்தலையோடு ஒருவர் ஆடினார். கழுத்துக்காப்பும் அப்படியே: 2026-27 பருவத்திலிருந்து, மறுபடியும் புதியவர்களுக்கு மட்டும்.

நெடுநாள் ரசிகன்: அதற்கு ஆட்டக்காரர் சங்கமும் சம்மதிக்கவேண்டும், அதை மறக்காதீர்கள். பெர்டுஸி விஷயத்தில் நான் இன்னும் லீக்கின் தண்டனையே போதும் என்கிறேன்.

வடக்கு வாசல்: போதுமா? 2005 ஆகஸ்டில் லீக் தடையை நீக்கியது. 2006 பிப்ரவரியில் டூரின் ஒலிம்பிக்கில் பெர்டுஸி கனடா அணிக்காக ஆடினார். மூர் அந்த மார்ச் 8-க்குப் பிறகு ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை.