'உடனடிச் செயலாக்கம்' பொருந்தவில்லை, 'வரத்தீடு' என்று வைக்கலாமா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ரேடியோ தொலைநோக்கி ஏற்பிகளில் (ரிசீவர்) ரியல்டைமாக, அதாவது தரவு வர வர, நடக்கும் கணக்குக்கு என்ன சொல் வைப்பது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா 'உடனடிச் செயலாக்கம்' என்றார்கள். ஆரப்பாளையத்து ஐயா, 'நிகழ்நேரம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஆண்டெனாக்கள் 30 நிற்கின்றன. மேம்படுத்தியபின் அதிகபட்சம் 400 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவெண் பட்டையை ஒரே நேரத்தில் வாங்குகிறது. அவ்வளவு அகலத்தை இலக்கமாக்க (டிஜிட்டலாக்க) நொடிக்கு 80 கோடி மாதிரிகள், அதாவது அலையின் அளவுகள், எடுத்தாக வேண்டும், பட்டை அகலத்தைப்போல் இரு மடங்கு எடு என்பது நைக்விஸ்ட் விதி. தட்டுக்கு இரண்டு முனைவாக்கம் (அலை அதிரும் திசைகள்), ஆக 60 ஓட்டங்கள். மாதிரிக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 48 ஜிகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 172 டெராபைட்டுக்கு மேல். வட்டில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வரும்போதே கணக்கை முடித்தாக வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பட்டையை 2048 அலைவெண் கூறுகளாகப் பிரிக்க 4096 மாதிரிகளைச் சேர்த்து ஒரு ஃபூரியர் உருமாற்றம் (அலையை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போட வேண்டும். 80 கோடி வேகத்தில் 4096 மாதிரி வந்து சேர 5.12 மைக்ரோநொடி ஆகிறது. அதாவது அடுத்த 5.12 மைக்ரோநொடிக்குள் இந்த உருமாற்றம் முடிய வேண்டும், 60 ஓட்டங்களுக்கும் முடிய வேண்டும். அது போக 30 தட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் வரும் 435 இணைகளுக்கும், ஒவ்வொரு கூறாகப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். (இப்படிப் பெருக்கிக் கூட்டும் கருவியான கோரிலேட்டருக்கு 'ஒட்டுறவி' போதும் என்பது என் கருத்து, பள்ளிப் புத்தகத்திலேயே 'ஒட்டுறவுக் கெழு' இருக்கிறது, அதில் சண்டை வேண்டாம்.) குறிப்பிட்ட நேரம் கூட்டி முடித்தபின் ஒவ்வொரு முறையும் கையில் மிஞ்சுவது சுமார் 15 மெகாபைட்தான். நொடிக்கு 48 ஜிகாபைட்டாக வந்ததெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த 15 மெகாபைட் இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கிளம்பி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன அலை அது. உருமாற்றத்துக்கு 5.12க்குப் பதிலாக 5.2 மைக்ரோநொடி ஆனால்தான் சிக்கல். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கடன் ஏறுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 55 நொடிக்கான தரவு, ஏறக்குறைய 2.6 டெராபைட், கணக்குப் போடாமல் தேங்கி நிற்கும். எவ்வளவு பெரிய தாங்கி நினைவகம் (பஃபர்) வைத்தாலும் நிரம்பிவிடும், நிரம்பியபின் வருவதெல்லாம் வீண்.

வைகை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். 71 அடி நிரம்பிவிட்டால் அதற்குப்பின் நீர்வரத்து எவ்வளவோ அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். திறந்துவிட்ட தண்ணீர் மதுரைக்கு எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்பது வேறு கேள்வி. நாம் பெயர் வைக்கத் தேடுவது முதல் விஷயத்துக்கு. 'உடனடி' சொல்வது இரண்டாவதை. அதனால்தான் அக்கா, அந்தச் சொல்லை இங்கே ஏற்க முடியவில்லை.

'நிகழ்நேரம்' பற்றி. ரயில் எங்கே வருகிறது, கிரிக்கெட்டில் எத்தனை ரன் என்று காட்டும் செயலிகளுக்கு அது நன்றாகவே ஒட்டிவிட்டது, அங்கே அப்படியே இருக்கட்டும். ஆனால் 'நிகழ்நேரம்' என்றதும் படிப்பவர் மனதில் வருவது 'நேரலை'. வகுப்பில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் மாணவர்கள் சின்ன ஏற்பி ஒன்று வைத்திருக்கிறார்கள், ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸ் கோட்டைப் பிடிக்க. யுஎஸ்பியில் செருகும் மலிவான எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) குச்சி, நொடிக்கு 24 லட்சம் மாதிரி, பழைய மடிக்கணினி. வடிப்பியில் (ஃபில்டர்) கெழுக்களைக் கூட்டியதும் கணக்கு அதிகமானது, ஜிஎன்யு ரேடியோ என்ற மென்பொருளின் திரையில் ஓ ஓ ஓ என்று எழுத்து வரிசையாக ஓட ஆரம்பித்தது. தாங்கி வழிந்து மாதிரிகள் கீழே போகின்றன என்பதற்கு அதுதான் அறிகுறி. ஆனால் அலைவரைபடம் மட்டும் திரையில் அழகாக அசைந்துகொண்டே இருந்தது. "நிகழ்நேரத்துலதான சார் ஓடுது" என்றான் ஒரு பையன். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சொல் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நிறமாலையைச் சராசரி எடுக்கும்போது சில மாதிரி போனால் சமாளிக்கலாம். பல்சார் என்ற துடிக்கும் விண்மீனின் துடிப்பு நேரத்தைக் கணிக்கும்போது எங்கே எத்தனை விட்டுப்போனது என்று தெரியாவிட்டால் அதன்பின் வரும் நேரமெல்லாம் பிசகிவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது 'வரத்தீடு'. வரத்து, ஈடு, இரண்டும் நம் வாயில் தினமும் புழங்குபவை. அணைக்கு நீர்வரத்து, மாட்டுத்தாவணியில் பூ வரத்து, போக்குவரத்து, எதையும் விளக்க வேண்டியதில்லை. ஈடுகொடுப்பது என்றால் பின்தங்காமல் நிற்பது. சேர்த்துச் சொன்னால், உள்ளே வரும் வேகத்துக்குக் குறையாமல் கணக்கை முடித்துக்கொண்டே இருப்பது. புணர்ச்சியும் இயல்பாக வருகிறது: வரத்தீட்டுச் செயலாக்கம், வரத்தீட்டு ஒட்டுறவி, 'ஐந்தாவது தட்டில் வரத்தீடு தவறியது'. கடைசியாகச் சொன்ன தொடர்தான் எனக்கு முக்கியம். 'நிகழ்நேரம் தவறியது' என்று யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் புரியாது. பிழை வரும் இடத்தைச் சொல்லப் பயன்படாத கலைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு செய்முறைக் குறிப்புகூட எழுத முடியாது.

'ஈடு' என்றால் அடகும் இழப்பீடும் ஞாபகம் வருகிறதே என்று கேட்பீர்கள். வரட்டும். தனியாக நின்றால்தான் அந்தக் குழப்பம், முன்னால் 'வரத்து' இருக்கும்போது யாரும் அடகுக்கடைக்குப் போக மாட்டார்கள்.

'உடனடி'யைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அதற்கு இதே துறையில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. சில மில்லிநொடியே நீடிக்கும் வேக ரேடியோ வெடிப்புகளில் முதலில் கண்டறியப்பட்டது 2001இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவானது. பழைய பதிவுகளைத் தோண்டி அதைக் கண்டுபிடித்து வெளியிட்டது 2007இல். அன்றைக்குத் தரவு வட்டில் இருந்ததால் தப்பித்தது. இப்போதைய கருவிகளில் மூலத் தரவு சுழல் தாங்கியில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் வெடிப்பைக் கண்டு 'இதை வைத்துக்கொள்' என்று சொல்லாவிட்டால் புதியது பழையதன்மேல் எழுதிவிடும். அங்கே வரத்துக்கு ஈடுகொடுத்தால் மட்டும் போதாது, பதிலே சீக்கிரம் வர வேண்டும். அதை 'உடனடிக் கண்டறிதல்' என்று சொல்லலாம், அக்காவின் சொல் அங்கே கச்சிதமாக உட்காருகிறது.

சொற்பட்டியலுக்கு நான் அனுப்ப நினைக்கும் பதிவு இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

வரத்தீடு (பெயர்): தரவு உள்ளே வரும் விகிதத்துக்குக் குறையாமல், தேக்கமும் இழப்பும் இன்றித் தொடர்ந்து செயலாக்கும் நிலை. தாமதத்தைக் குறிக்காது, அதற்கு 'உடனடி' காண்க.

ஐயா, ஊட்டியில் 530 மீட்டர் நீள உருளைத் தொலைநோக்கி 1970இலிருந்து இருக்கிறது. அங்கே வேலை பார்த்த தமிழர்கள் தங்களுக்குள் இதற்கு ஏதாவது ஒரு சொல்லைப் புழங்கியிருக்கக் கூடும். உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். வரத்தீட்டைவிட அது நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.