புதுப்பிப்பு: லோரியில் காற்றடிக்கும் மெஷினுக்கு இன்வெர்ட்டர்

போன மாதம் கேட்டிருந்தேனே, 24 வோல்ட் லோரியில் 240 வோல்ட் காற்றடிக்கும் மெஷினை ஓட்ட 500 வாட் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) போதுமா என்று. போதவில்லை. சிகரெட் லைட்டரில் செருகி சுவிட்சைத் தட்டினேன். 'உம்ம்' என்று ஒரு முனகல், இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது, ஃபியூஸ் போயே போச்சு.

தப்பு என் கணக்கில்தான். மெஷின் 600 வாட் என்றால் ஓடும்போதே 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. லைட்டர் சாக்கெட் தாங்குவதோ 10, 15 ஆம்பியர்.

அண்ணன் ஒருவர் சொன்னபடி 1500 வாட், ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் வகை) இன்வெர்ட்டர் வாங்கினேன். மற்ற வகையில் மோட்டார் வீணாகச் சூடாகுமாம். தடித்த கேபிளில் நேரே பேட்டரிக்கு இழுத்து, பாசிட்டிவ் முனை அருகிலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ். லோரியின் 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகச் சேர்ந்தது; 12 வோல்ட் இன்வெர்ட்டரை ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், இரண்டில் ஒன்று சீக்கிரம் செத்துவிடும்.

நேற்று பினாங்கு பிறையில் கிடங்கு வாசலில், எஞ்சினை ஓடவிட்டு, பின் டயரை 70-லிருந்து 100 பிஎஸ்ஐக்கு ஏற்றினேன். கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புகூட இல்லை.

24 வோல்ட் பம்பே வாங்கியிருக்கலாம் என்றவர்களுக்கு: உண்மைதான், ஆனால் மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது.