“காலைல வந்து பாருங்க”: பிள்ளை காணாமல் போன இரவு, ஸ்டேஷனில் உங்களுக்கு நடந்தது என்ன?

மளிகைக்கடைக்காரன்:

எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது. இன்று கடையில் கூட்டமில்லை, எழுதிவிடுகிறேன்.

பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கணக்கில் மார்க் குறைந்ததற்குக் கடையில் வைத்து, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே திட்டினேன். அடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார், அதுதான் தாங்கவில்லை என்று பிற்பாடு சொன்னான். சாயங்காலம் ஐந்தரைக்கு டியூஷனுக்குக் கிளம்பியவன் எட்டரை ஆகியும் வரவில்லை. மிஸ்ஸுக்குப் போன் போட்டால், “இன்னிக்கு அவன் வரவே இல்லையே சார்” என்றார்.

ஒன்பதரைக்கு நானும் என் மனைவியும் ஸ்டேஷனில் நின்றோம். ரைட்டர் கெட்டவர் இல்லை. உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். “சொந்தக்காரங்க வீடெல்லாம் பாத்தீங்களா? பசிச்சா வந்துருவான் சார். இருபத்திநாலு மணி நேரம் ஆகணும், அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். காலைல வந்து பாருங்க.” நானும் நம்பிவிட்டேன். சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்கும் அது சட்டம் மாதிரி பதிந்துபோயிருக்கிறது.

பதினொன்றரைக்கு என் மச்சான் வந்து சத்தம் போட்ட பிறகு ஒரு சி.எஸ்.ஆர். எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையோடு ஒரு காகிதம் கைக்கு வந்ததும் ஏதோ தெம்பு. இனி தேடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க நாங்களும் பஸ் ஸ்டாண்ட், சினிமா தியேட்டர், ஏரிக்கரை என்று சுற்றினோம். அந்தக் காகிதம் வெறும் மனு ரசீது, வழக்கு அல்ல என்பது மறுநாள் காலை ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. எஸ்.பி. ஆபீஸுக்கு ஓடினோம். பதினொரு மணிக்கு எஃப்.ஐ.ஆர். ஆனது, மதியம் போட்டோ மற்ற ஊர்களுக்குப் போனது. நாலு மணிக்கு ஒரு ஜங்ஷனில் ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் கான்ஸ்டபிள் ஒருவர் அவனை அடையாளம் கண்டார். காலை ஆறு மணியிலிருந்து அதே பிளாட்பாரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவர் அவனை இரண்டு முறை கடந்து போனாராம்.

அந்தப் பத்து மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருபத்திநாலு மணி நேரக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பழைய ஏட்டு:

தம்பி, முப்பத்தொரு வருடம் சர்வீஸ் போட்டு ரிட்டையர் ஆனவன். அந்த ரைட்டர் சொன்ன அதே வார்த்தையை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் சொல்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன், நியாயப்படுத்த வரவில்லை.

காணாமல் போகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ராத்திரிக்குள் திரும்பிவிடுவார்கள் என்பது எங்கள் அனுபவம். எஃப்.ஐ.ஆர். போட்டால் நம்பர் விழும், கோர்ட்டுக்குப் போகும், மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் “ஏன்யா பெண்டிங்?” என்று கேட்பார்கள். சி.எஸ்.ஆர். போட்டால் அது ஸ்டேஷனோடு முடிந்துவிடும். இவ்வளவுதான் ரகசியம். பிள்ளை திரும்பி வந்தால் “மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது” என்று முடிக்க வழி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து வேலைக்குச் சோம்பல்.

ஒரு தரம் நான் “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிய குடும்பத்தின் பெண் குழந்தை மூன்றாம் நாள் கிணற்றில் கிடைத்தது. தவறி விழுந்ததுதான், குற்றம் ஒன்றுமில்லை. அன்றிரவே தேடியிருந்தாலும் உயிரோடு கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் அதற்குப் பிறகு நான் யாரையும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

கறுப்பு கோட்டு:

மளிகைக்கடை அண்ணாவுக்கு: அந்தக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. இருபத்திநாலு மணி நேரம் என்பது வேறு இடங்களில் வரும். கைதானவரை இருபத்திநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கிடைத்த குழந்தையை, பயண நேரம் போக, இருபத்திநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். இரண்டும் போலீஸுக்கு வைத்த கெடு. அது எப்படியோ புரண்டு பெற்றவர்கள் தலையில் விழுந்துவிட்டது.

இப்போது இருக்கும் சட்டம் சும்மா வந்ததில்லை. டெல்லிக்குப் பக்கத்தில் நிதாரியில் 2006 டிசம்பரில் குழந்தைகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள், ஞாபகமிருக்கும். பிள்ளையைக் காணோம் என்று அந்த ஏழைப் பெற்றோர்கள் அதற்கு முன் மாதக்கணக்கில் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்திருந்தார்கள். “ஓடிப்போயிருக்கும்” என்பதுதான் பதில். 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரையாவது காணவில்லை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். வேறு மாதிரி நிரூபணமாகும்வரை அதைக் கடத்தல் என்றே அனுமானித்து விசாரிக்க வேண்டும். பெற்றவர் “யாரோ கடத்திவிட்டார்கள்” என்று சாட்சியோடு வர வேண்டியதில்லை. அந்தச் சந்தேகத்தைப் போலீஸே பட வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

அதே வருடம் நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று வக்கீல்கள் நாங்கள் தினமும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. அந்த லலிதா குமாரி யார் என்று பலருக்குத் தெரியாது. காசியாபாத் பக்கம் 2008இல் காணாமல் போன ஒரு சிறுமி. அவள் அப்பா ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், கண்டுகொள்ளவில்லை. எஸ்.பி.யைப் பார்த்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், அப்புறமும் தேடவில்லை. அண்ணா, உங்கள் கதையேதான். இன்னொரு விசித்திரம், தொலைந்த குழந்தைகளை மீட்க ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்று 2014இல் முதலில் இறங்கியதும் அதே காசியாபாத் போலீஸ்தான். 2015 ஜனவரியில் அதை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டார்கள்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 92ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். புகார் வந்த உடனே எஃப்.ஐ.ஆர்., போட்டோ வாங்குவது, தேடுவது, நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றுவது என்று வரிசையாக இருக்கிறது. சரி, ஸ்டேஷனில் மறுத்தால்? குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார்கள்: “பதினாலு நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு புதுச் சட்டத்துலயே இருக்கும்மா.” இருக்கிறது. ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு. குழந்தைக் கடத்தலுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. அந்தக் கணக்கில் வராது. போன மாதம்கூட ஒரு இன்ஸ்பெக்டரிடம் இதற்காக அரை மணி நேரம் வாதாடிவிட்டு வந்தேன்.

பவானிக்கரை:

வக்கீலம்மா சொல்வது எல்லாம் சரி. என் மகளுக்கு அப்போது பதினேழு வயது எட்டு மாதம். ஸ்டேஷனில் முதல் கேள்வியே, “போன்ல யார்கூடப் பேசும்?” ரெண்டாவது, “வீட்ல மாப்பிள்ளை பாத்தீங்களா?” அப்புறம் ஒரு சிரிப்பு. “லவ் மேட்டர்மா. நாலு நாள்ல தாலியோட வந்து நிப்பா, அப்ப வாங்க பேசிக்கலாம்.” கூட வந்த என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அதையே நம்பினான், அதுதான் கொடுமை. ஊரே நம்பியது. என் மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அவள் அப்பா வாங்கிய கடனுக்கு வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து பேசியதைக் கேட்டுவிட்டு, ஒரு புரோக்கர் பேச்சை நம்பி நூல் மில் வேலைக்குப் போயிருக்கிறாள். ஹாஸ்டலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம். நோட்டீஸ் போனதும் அதுவரை “ஆள் இல்லைம்மா, வண்டி இல்லைம்மா” என்றவர்களுக்கு ஆளும் கிடைத்தது, வண்டியும் கிடைத்தது. பத்தொன்பதாம் நாள் கூட்டிவந்தார்கள். பத்து கிலோ இளைத்திருந்தாள்.

நான் கேட்பது ஒன்றுதான். அவள் காதலித்துத்தான் போயிருந்தாலும் பதினேழு வயதுதானே? தேட வேண்டாமா?

கறுப்பு கோட்டு:

தேட வேண்டும் அக்கா. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் காரணம் எதுவானாலும் சட்டத்துக்கு அவள் காணாமல் போன குழந்தை. அவளே சம்மதித்துப் போனாள் என்பதும் கடத்தல் குற்றத்துக்குப் பதில் ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பெண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்குப் பதினாறு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுத் தண்டனைச் சட்டத்தில் இருவருக்கும் பதினெட்டு. பதினேழு வயதுப் பையனைக் காணோம் என்று வருகிற அம்மாக்களிடம் “ஆம்பளப் புள்ளதானே” என்பார்கள், அவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை பெஞ்சு:

நம்ம கதை தலைகீழ். பிள்ளையைத் தொலைத்தவன் இல்லை, கண்டெடுத்தவன். பஸ் ஸ்டாண்டில் ராத்திரி கடை எடுத்து வைக்கும்போது நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று பெஞ்சுக்கடியில் தூங்குகிறது. எழுப்பினால் தமிழ் தெரியவில்லை, அழுகை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் ராத்திரி முழுக்க உட்கார வைப்பார்களே, நம்மையே சந்தேகப்படுவார்களே என்று பயம். வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டம்மா குளிப்பாட்டி, தோசை ஊற்றிக் கொடுத்தது. நாலு தோசை சாப்பிட்டது.

காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனால் பெண் எஸ்.ஐ. பிடித்த பிடி! “ராத்திரியே ஏன் வரல? குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098க்கு ஒரு போன் அடிக்கத் தெரியாதா?” தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால் இருபத்திநாலு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எனக்குக் கை கால் ஓடவில்லை. கெடு தாண்டவில்லை என்பதால் தப்பித்தேன். திட்டி முடித்துவிட்டு அந்தம்மாவே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது. டீக்கடைக்காரனுக்கு டீ!

விஷயம் என்னவென்றால், அதன் அப்பா அம்மா ஒடிசாக்காரர்கள், கட்டட வேலை. ராத்திரியே சைட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். “பஸ் ஸ்டாண்ட்ல தொலைஞ்சதுன்னா அது எங்க லிமிட் இல்ல” என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் ஸ்டேஷன் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கத் தமிழும் இல்லை. குழந்தை என் வீட்டில் தோசை சாப்பிடும்போது அவர்கள் பாலத்துக்கடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். மேலே வக்கீல் சொன்ன எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்கிற சட்டத்தை அந்த லிமிட் பார்த்தவருக்கு யாராவது படித்துக் காட்டினால் தேவலை.

ஊர்சுத்தி:

ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளையைக் காணோம் என்று வாட்ஸப் குரூப்பில் போட்டோ போடுகிறவர்கள், கிடைத்த பிறகு “கிடைத்துவிட்டான்” என்பதையும் அதே குரூப்பில் போடுங்கள். என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு ராத்திரி காணாமல் போனான். இப்போது காலேஜ் இரண்டாம் வருடம். அவன் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டோ “உடனே பகிரவும்” என்று இன்னும் சுற்றுகிறது. போன பொங்கலுக்கு அவன் காலேஜ் குரூப்பிலேயே வந்துவிட்டது. அதற்கு நாலு பேர் தீபம் போட்டிருக்கிறார்கள்.

பழைய ஏட்டு:

மளிகைக்கடைத் தம்பி, ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. பையன் கிடைத்த அன்றே வீட்டுக்கு வந்தானா? கேஸ் என்ன ஆனது?

மளிகைக்கடைக்காரன்:

அன்றே வரவில்லை ஐயா. அந்த ஊர்க் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தி, எங்களிடம் பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் பார்த்து, அவனிடம் தனியாகப் பேசிய பிறகுதான் விட்டார்கள். ஒரு ராத்திரி இல்லத்தில் தங்கினான். அப்போது எனக்கு ஆத்திரம். பெத்தவனிடம் பிள்ளையைக் கொடுக்க இத்தனை கேள்வியா என்று கத்தினேன். குழுவில் இருந்த அம்மா ஒருவர், “உங்க பையன்கிட்ட ‘வீட்டுக்குப் போறியா’ன்னு நாங்க கேக்கணும் சார், அதான் தாமதம்” என்றார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். “யோசிச்சுட்டுத்தான் சரின்னான்” என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

கேஸ் நீங்கள் சொன்ன மாதிரியேதான். மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று நாலைந்து மாதம் கழித்து நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன், பையன்தான் கல்லாவில் இருந்தான். கான்ஸ்டபிள் புது ஆள். “உங்கப்பா இல்லையாடா?” என்று கேட்டிருக்கிறார். “காணாமப் போன பையன் கேஸு, கையெழுத்து வாங்கணும்.” இவன், அப்பா பதினொரு மணிக்கு வருவார் என்று சொல்லி, அவர் கேட்ட கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்து, சில்லறையும் சரியாக எண்ணிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.